மூளைக்குள் வாரியல் தேடிய குப்பி

பாறசாலை மகாதேவர் நடையில் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் செய்கிற சத்தியம் இது: கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இது போதாது என்பவர்களுக்காக, காஞ்சிரங்குளம் பக்கத்து மாதா கோயிலில் மீன்காரன் பயஸ் ஒரு மெழுகுதிரி ஏற்றித் தனியாகவும் சத்தியம் செய்திருக்கிறான். அன்றைக்கு நல்ல கடல்காற்று. திரி அசையக்கூட இல்லை. சாமியும் மாதாவும் சேர்ந்து ஒத்துக்கொண்ட விஷயத்தில் சந்தேகம் வருகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டுத் தேங்காய் துருவப் போகலாம்.

தனுவச்சபுரம் கைலாசம் பிள்ளை சர்க்காரில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சைவம். அதுவும் சும்மா சைவம் இல்லை. அவர் வீட்டில் மீன் என்கிற சொல்லே புழக்கத்தில் கிடையாது. தவிர்க்க முடியாத இடத்தில் 'கடல் சாதனம்' என்பார். சொன்னதும் போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவார். மீன மாதம் பிறந்தால் கும்பத்துக்கு அடுத்த மாசம் என்றுதான் தேதி சொல்லுவார். ஆபீஸில் இருந்த காலத்தில் அந்த மாசத்துக் கடிதங்களை எல்லாம் லீவில் போய்விட்டு வந்து பிறகு அனுப்பியவர்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மகள் ஆனந்தலட்சுமி டாக்டர் ஆகவேண்டும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். அவள் திருவனந்தபுரத்தில் வருஷக்கணக்காக எலி மூளையைச் சீவிச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று ஜங்ஷனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பிள்ளைதான் விளக்கம்.

"கேட்டுக்கிடுங்க. மூளையிலே ஒரு நரம்பு இன்னொரு நரம்புகிட்டே பேசணும்னா குளுட்டமேட்டுன்னு ஒரு சாதனத்தைத் துப்பும். பேசி முடிஞ்ச உடனே அதைத் தூத்து வாரி உள்ளே கொண்டு போகதுக்கு ஒரு புரதம் உண்டு. துடைப்பம், நம்ம வாரியல்னு வச்சுக்கிடுங்க. அந்த வாரியல் எங்கெங்கே இருக்குன்னு எனக்க மக கண்டுபிடிக்கா."

"தூத்து வாராம விட்டா என்னவாக்கும்?" என்று கேட்பார்கள்.

"பேசின பேச்சு தலைக்குள்ளேயே கிடக்கும். கல்யாண வீட்டு எச்சில் இலை மாதிரி."

வாரியலைக் கண்ணால் காண முடியாது. அதற்கு ஒரு மருந்து வேண்டும். அந்த வாரியலில் ஒரு துணுக்கைக் கினிப்பன்றிக்கு ஊசி போட்டால், அந்நியச் சாதனம் வந்திருக்கிறதே என்று கினிப்பன்றியின் ரத்தம் கோபப்பட்டு, அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு சாதனத்தை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைப்பார்கள். எலி மூளைச் சீவலில் அதை விட்டால் மற்ற எதையும் தொடாமல் வாரியலை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும். மேலே சாயம் விட்டால் அந்த இடம் தவிட்டு நிறமாகத் தெரியும். ஆன்டிபாடி என்று பெயர். வெளிநாட்டிலிருந்து மதுரையில் ஒரு பேராசிரியருக்கு வந்ததில் ஒரே ஒரு குப்பியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள் ஆனந்தலட்சுமி. மறுநாள் காலையில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. பெங்களூரிலிருந்து கிருஷ்ணன்குட்டி என்கிற பெரிய புரொபசர் பரீட்சை செய்ய வருகிறார். தவிட்டு நிறத்தைக் காட்டினால் டாக்டர். காட்டாவிட்டால் எலியோடு எலியாக இன்னும் சில வருஷம்.

அன்றைக்குப் பார்த்துக் கேரளத்தில் பந்த்.

எல்லைக்காரர்களுக்கு இது பழகின விஷயம். களியக்காவிளையில் அந்தப் பக்கம் வாழைக்காய் பஜ்ஜி பொரியும். இந்தப் பக்கம் சைக்கிள்கூட ஓடாது. மதுரை பஸ் எல்லையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. கைலாசம் பிள்ளை குடையோடு நடந்தே போய் மகளைக் கூட்டிக்கொண்டு, தெர்மகோல் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தியபடி பாறசாலைக்கு வந்தார். பெட்டியின் அடியில் தண்ணீர் சொட்டியது.

"அப்பா, ஐஸ் உருகுது. இது சூடுபட்டா மருந்து செத்துப் போவும்."

"வீட்டிலே ஃபிரிட்ஜ் உண்டுல்லா மக்கா?"

"கரண்டு?"

கரண்டு இல்லை. முந்தின நாளே டிரான்ஸ்பார்மரில் ஒரு வவ்வால் உட்கார்ந்து, வவ்வாலும் போய், டிரான்ஸ்பார்மரும் போய்விட்டது. பந்த் முடியாமல் லைன்மேன் வரமாட்டான். அப்படியானால் பாறசாலை வட்டாரத்தில் ஐஸ் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். ஜங்ஷன் பக்கத்தில் குடியிருந்த பயஸின் எம்.எயிட்டி வண்டியில், பின்னால் கட்டிய மீன்பெட்டி. பிள்ளை அந்த வாசலில் நின்று மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

பயஸ் வெளியே வந்து கண்ணைக் கசக்கிப் பார்த்தான். "சாரா? எனக்க வீட்டுக்கா? எந்து பற்றி சாரே, யாராவது செத்துப் போனாவளா?"

"எலே பயஸே, ஒனக்க பெட்டியிலே ஐஸ் உண்டா?"

"ஐஸும் உண்டு, உப்பும் உண்டு. பந்த் காரணம் விக்காத சாளையும் ஒரு பெட்டி உண்டு. சாருக்கு எது வேணும்?"

"கடல் சாதனத்தைப் பாக்காத ஐஸ் ஏதாவது?"

பயஸ் யோசித்தான். "அடியிலே கிடக்குத ஐஸ் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கிடக்கும் சாரே."

ஆனந்தலட்சுமி குப்பியை எடுத்துக் காட்டினாள். கட்டைவிரல் அளவு. உள்ளே லேசான மஞ்சளில் கொஞ்சம் தண்ணீர். மூளையில் வாரியல் உண்டா என்று பார்க்கிற மருந்து என்று அவள் சொன்னதும் பயஸுக்கு ஆசை வந்துவிட்டது.

"எனக்க மூளையிலே ஒண்ணுமே இல்லேன்னாக்கும் எனக்க பொஞ்சாதி குளோரி நெதமும் சொல்லுகது. இதை ஒரு சொட்டு விட்டுப் பாத்தா தெரியுமா மக்கா?"

"தெரியும் மாமா. ஆனா மூளையை வெளியே எடுத்து மெலிசாச் சீவணும்."

"அப்பம் வேண்டாம். அவ சொன்னதையே நம்பிக்கிடுதேன்."

குப்பியைப் பெட்டியில் வைக்கப் போனபோது பிள்ளை கையைக் காட்டித் தடுத்தார். மகள் டாக்டர் ஆவது எந்தக் குப்பியை நம்பியோ அந்தக் குப்பி சாளையோடு தோள் உரசிப் படுப்பதா? மனைவி மரகதவல்லி அறிந்தால் குப்பியையும் வீட்டில் ஏற்றமாட்டாள், புருஷனையும் ஏற்றமாட்டாள். பயஸ் வீட்டுப் பின்புறம் நின்ற வாழையில் ஒரு கீற்று அறுத்தார். குப்பியை அதில் வைத்து, பிரசாதம் பொதிகிற முறையில் நாலு பக்கமும் மடித்து, வாழைநாரால் கட்டினார். முடிச்சைப் பார்த்தால் கோயில் பொதி தோற்கும். பயஸ் ஐஸில் உப்பை அள்ளிப் போட்டுக் குளிரைக் கூட்டி, பொதியை அடியில் புதைத்தான். அப்பனும் மகளும் நிம்மதியாகத் தனுவச்சபுரத்துக்கு நடந்து போய்க் குளித்துச் சாப்பிட்டார்கள்.

இங்கேதான் காரியம் கெட்டது. பந்த் நடத்துகிறவர்களுக்கும் பசிக்கும் என்பதை எந்தக் கட்சியும் யோசித்தது இல்லை. ரோட்டில் தென்னந்தடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த கட்சிச் செயலாளர் மோகனனும் ஆட்களும் பத்து மணிக்கெல்லாம் வாடிப் போனார்கள். கடைகளை அடைக்கச் சொன்னதே அவர்கள்தான். தட்டித் திறக்கச் சொல்ல வெட்கம். மோகனன் பயஸிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்: "அண்ணே, வீட்டிலே தின்ன வல்லதும் உண்டா?" பயஸுக்குச் சாளை அழுகுவதைவிட மோகனன் தின்பது மேல். குளோரியை அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டு மரச்சீனிக் கிழங்கு பிடுங்கப் போனான். பொதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

குளோரி ஞானஸ்நான விருந்துக்கு வைக்கிற பெரிய சட்டியை ஏற்றினாள். கொடம்புளி போட்டு, தேங்காய் அரைத்து, சாளையை எடுக்கப் பெட்டியைத் துழாவினால் அடியில் வாழையிலைப் பொதி. முடிச்சைப் பார்த்தாள். பாறசாலை வட்டாரத்தில் இப்படி முடிச்சுப் போடுகிறது பிள்ளைமார் வீட்டில் மட்டும்தான். பிரித்தால் சின்னக் குப்பி, மஞ்சள் தண்ணீர்.

பிள்ளைமார் வீட்டிலிருந்து குப்பியில் மஞ்சள் தண்ணீர் வந்தால் அது என்ன? காய வெள்ளம். பெருங்காயம் கரைத்து வைக்காத பிள்ளைமார் வீடு உண்டா? சாருடைய வீட்டுக்காரி என்றைக்கும் இல்லாமல் தனக்கு ஒரு சாதனம் கொடுத்து அனுப்பியிருக்கிறாளே என்று குளோரிக்குக் கண் நிறைந்துவிட்டது. மணத்திப் பார்த்தாள், ஜலதோஷம், ஒன்றும் தெரியவில்லை. காய வெள்ளத்தைக் கொதியில் விட்டால் மணம் போய்விடும் என்கிற பக்குவம் அறிந்தவள். சட்டியை இறக்கி வைத்து, ஆவி தணிந்த பிறகு, மூடியைத் திருகி, பயபக்தியோடு கடைசிச் சொட்டுவரை விட்டு அகப்பையால் ஒரு இளக்கு இளக்கினாள்.

மத்தியானம் கழிந்து கைலாசம் பிள்ளையும் மகளும் திரும்பி வந்தபோது ஜங்ஷனில் ஏதோ சரியில்லை.

தென்னந்தடிக்குப் பின்னால் மோகனனின் ஆட்கள் மைக் வைத்து "பந்த் விஜயிக்கட்டே, பந்த் விஜயிக்கட்டே" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் விசேஷம் இல்லை. ஆனால் எதிரே பந்தை எதிர்த்து வந்து நின்ற கட்சிக்காரர்களும் இலையை நக்கிக்கொண்டு அதையேதான் கத்தினார்கள். அவர்கள் முகத்தில் ரொம்ப வருத்தம்.

தடியில் மாட்டிக் கிடந்த நாகர்கோவில் லாரியில் டிரைவர் ராஜப்பன் உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர் ஒருவர் கீழே நின்று லைசென்ஸ் கேட்டார்.

"முள்ளு உண்டு, பாத்துத் தின்னணும்" என்றான் ராஜப்பன்.

"எலே, லைசென்ஸை எடு!"

"முள்ளு உண்டு, பாத்துத் தின்னணும்." அழுகிற மாதிரி இருந்தான். லைசென்ஸைக் கையில் எடுத்து நீட்டினான். வாய் மட்டும் முள்ளைவிட்டு நகரவில்லை. போலீஸ்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தைத் தடவியும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

குளோரி கும்பிட்டபடி ஓடி வந்தாள். "சாரே, அம்மாகிட்டே சொல்லணும். காய வெள்ளம் விட்டதும் கறிக்கு என்னா ருசி! எல்லாவனும் சட்டியை வழிச்சாச்சு. எனக்கு ஜலதோஷமாக்கும், இல்லாட்டி நானும் தின்னிருப்பேன்."

ஆனந்தலட்சுமி ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். காலி குப்பி குளோரியின் கையில் இருந்தது, கழுவித் துடைத்து.

"போச்சு அப்பா."

கைலாசம் பிள்ளை குப்பியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு சொட்டுகூட இல்லை. இருந்தாலும் குமாஸ்தா மூளை. ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்தது. "மக்கா, இந்த மருந்து வாரியலைப் பிடிக்கும்னு சொன்னியே. தூத்து வாருதவளுக்க கையிலே இருக்குத வாரியலைப் பிடிச்சுக்கிட்டா அவ எப்படித் தூப்பா? தின்னும்போது எவன் எதைக் கேட்டானோ அது உள்ளேயே கிடக்கு. குளோரி முள்ளுன்னா, அவனுக்கு முள்ளு. மைக்கிலே பந்துன்னான், அவனுவளுக்குப் பந்து."

"அது முடியாது அப்பா. வயித்துக்குள்ளே போனா செரிச்சுப் போவும். மூளைக்கு ஏறாது. புத்தகத்திலேயே எழுதியிருக்கு."

"புத்தகம் எழுதினது ஆரு?"

"கிருஷ்ணன்குட்டி சார்."

அப்போதுதான் லாரிக்குப் பின்னால் நின்ற டாக்ஸி அவள் கண்ணில் பட்டது. பின் சீட்டில், மடியில் இலையோடு, தங்கப் பிரேம் கண்ணாடி போட்ட ஒருவர். புத்தகத்தின் பின்னட்டையில் பார்த்த அதே முகம். கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் போகிற வழியில் பந்தில் மாட்டி, பசியில் குளோரியின் மீன்கறியைச் சாப்பிட்டிருந்தார். ஆனந்தலட்சுமி பதறிப் போய் வணக்கம் சொன்னாள்.

புரொபசர் அவளை ஏறிட்டுப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "இன்னும் கொஞ்சம் சாறு ஊத்தட்டா?"

"சார், நான்தான் நாளைக்கு..."

"இன்னும் கொஞ்சம் சாறு ஊத்தட்டா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தன் வாயைத் தானே கையால் பொத்தினார். விரலிடுக்கில் சாறு கேட்டது.

நாளைக்குக் காலையில் பெரியவர்கள் சபையில் இவர் இதைத்தான் சொல்லப் போகிறார். பரீட்சை நடக்காது. மாப்பிள்ளை பார்க்கிறதைக்கூட நிறுத்திவைத்து மகளைப் படிக்கவைத்த வருஷங்கள் எல்லாம் ஒரு சட்டிச் சாற்றில் போய்விடும். பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மரச்சீனிக் கட்டோடு அப்போதுதான் வந்து சேர்ந்த பயஸ் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னான்: "சாரே, நாங்க வலைக்கு மேலே வலை விடுவோம். அடியிலே கிடக்குதது அடியிலே கிடக்கட்டும். சட்டியிலே ஒரு அகப்பை கறி ஒட்டிக் கிடக்கு. அதைத் திரும்பக் குடுக்கணும். அவரு தின்னுத நேரத்திலே காதுக்குள்ளே வேற ஒண்ணைச் சொல்லணும். அது மேலே இருந்துக்கிடும்."

"என்ன சொல்ல?"

"'ஆனந்தலட்சுமி பாஸ்'னு சொல்லும் சாரே."

"மாமா, அது தப்பு" என்றாள் ஆனந்தலட்சுமி. "'கேள்வி கேளுங்க'ன்னு சொன்னாப் போதும். அவரு கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுவேன்."

அப்படியே ஆகட்டும் என்றார் பிள்ளை. யார் இலையில் விளம்புவது என்பதில்தான் சிக்கல். குளோரி குனிந்தாலே "சாறு" என்று வாயில் வந்துவிடும், பழக்கம். பயஸ் மரச்சீனி மண்ணோடு நின்றான். பரீட்சைக்காரி ஆனந்தலட்சுமி தானே போய்க் காதில் சொல்வது முறையில்லை. எல்லோரும் கைலாசம் பிள்ளையைப் பார்த்தார்கள்.

"நானா?"

"ஒமக்க மகளாக்கும் சாரே" என்றான் பயஸ்.

மூன்று தலைமுறையாகக் கடல் சாதனத்தின் பெயரைச் சொல்லாத குடும்பத்தில் பிறந்த கைலாசம் பிள்ளை, குளோரியின் கறிச்சட்டிக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டினார். அகப்பையைப் பிடித்தார். மூச்சைப் பிடித்தார். சட்டியைச் சுரண்டினார், இரண்டு சாளையும் கொஞ்சம் குழம்பும் வந்தன. ஒரு சாளை அவரைப் பார்த்தது. அவர் வேறு பக்கம் பார்த்தபடி டாக்ஸிவரை நடந்தார். ஜங்ஷனில் பந்துகூட ஒரு நிமிஷம் நின்றது. ராஜப்பன் மட்டும் லாரியிலிருந்து முள்ளைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருந்தான்.

இலையில் விளம்பினார். புரொபசர் நன்றியோடு ஒரு வாய் எடுத்து வைத்தார். பிள்ளை ஜன்னல் வழியாகக் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். கேள்வி கேளுங்க. நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்வதற்கு மூச்சு வேண்டும். அவ்வளவு நேரமும் பிடித்திருந்த மூச்சை விட்டு, புது மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

சாளை வாடை முழுசாக உள்ளே போயிற்று. கண் இருட்டியது.

"சிவசிவா!" என்றார் கைலாசம் பிள்ளை.

புரொபசர் விழுங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்தது. ஆனந்தலட்சுமியைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: "சிவசிவா."

சட்டியில் இனி ஒன்றும் இல்லை. குளோரி தண்ணீர் விட்டுக் கவிழ்த்திருந்தாள்.

மறுநாள் தேர்வு நடந்தது. பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைலாசம் பிள்ளை வராந்தாவில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கிருஷ்ணன்குட்டி சார் நடுநாற்காலியில். வரவேற்றதற்கு "சிவசிவா" என்றார். தேநீர் கொண்டுவந்தவனுக்கும் அதே. பெரிய மனிதர், ஆன்மிகத்தில் இறங்கிவிட்டார் போலிருக்கிறது என்று சபை அடக்கமாக உட்கார்ந்தது.

ஆனந்தலட்சுமி மூளைச் சீவலை மைக்ராஸ்கோப்பில் ஏற்றி வைத்தாள். அவர் குனிந்து கண்ணை வைத்தார். அதில் தவிட்டு நிறமும் இல்லை, ஒரு நிறமும் இல்லை. வெறும் எலி.

"சார், இதிலே ஒண்ணும் தெரியாது" என்றாள் அவள். "ஆன்டிபாடி கைவிட்டுப் போச்சு. தெரியுதுன்னு பொய் சொல்ல எனக்கு மனசில்லே."

"சிவசிவா!"

சபைத் தலைவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "சார் என்ன சொல்ல வருகிறார் என்றால்," என்று மற்றவர்களுக்கு விளக்கினார், "இந்த அறையில் எத்தனையோ பிள்ளைகள் ஒன்றும் இல்லாத இடத்தில் என்னென்னவோ இருப்பதாகக் காட்டிப் பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒன்றும் இல்லாததை ஒன்றும் இல்லை என்று சொன்ன முதல் பிள்ளை இவள்."

"சிவசிவா" என்றார் கிருஷ்ணன்குட்டி சார். இந்த முறை அவர் உண்மையிலேயே அதைத்தான் சொல்ல நினைத்திருக்கவேண்டும், தலையையும் ஆட்டினார். சபை கை தட்டியது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர் அந்த வாரத்தில் இரண்டாவது முறையாக மூச்சு விட்டார்.

மூளை புது வாரியல் முளைப்பிக்கக் கொஞ்ச காலம் எடுக்கும். மோகனன் பந்தைவிட்டு வெளியே வந்தபோது கட்சி வேறு ஆளைச் செயலாளர் ஆக்கியிருந்தது. ராஜப்பன் கொல்லம்வரை முள்ளோடுதான் லாரி ஓட்டினான். வழியில் எல்லாச் சோதனைச் சாவடியிலும் அவனை மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். ஆனந்தலட்சுமி டாக்டராகி வெளிநாடு போனாள். போகிற அன்று விமான நிலையத்தில் கைலாசம் பிள்ளை மகளைக் கட்டிப்பிடித்து அழுததைப் பாறசாலையிலிருந்து வேன் பிடித்துப் போன அத்தனை பேரும் பார்த்தார்கள்.

கற்பூரச் சத்தியத்தில் இதுவும் சேரும்: தனுவச்சபுரம் கைலாசம் பிள்ளை கடைசிவரை கல்யாணமே கழிக்காத ஆளாக்கும்.